ஷேவ் முடிஞ்சதும் முகத்துல எதைப் போடணும், எது மேல எது போடணும்

நம்ம ஆளுங்க ரேசர் வாங்குறதுக்கு ஆயிரம் ரிவ்யூ பாப்பாங்க, மூணு பிளேடா அஞ்சு பிளேடான்னு மண்டையை உடைச்சுப்பாங்க, ஆனா ஷேவ் முடிஞ்சதும் வீட்ல இருக்கிற ஏதோ ஒரு பாட்டிலை எடுத்து உள்ளங்கைல ஊத்தி கன்னத்துல ரெண்டு தட்டு தட்டிட்டு, கண்ணை இறுக்கி மூடி "ஸ்ஸ்ஸ்"னு ஒரு சத்தம் போட்டுட்டு கிளம்பிடுவாங்க. எரிஞ்சாதான் கிருமி சாகுதுன்னு ஒரு நம்பிக்கை வேற. அது அப்படி இல்ல பாஸ். சூட்டை உணர்றதுக்குன்னே நம்ம தோல் நரம்புல ஒரு ஏற்பாடு இருக்கு, சாதாரணமா 42 டிகிரி சுமாருக்கு சூடு பட்டாதான் அது "சுடுது"ன்னு மூளைக்கு சொல்லும், ஆல்கஹால் பட்டா அந்த அளவு 34 டிகிரி பக்கம் இறங்கிடுது, நம்ம உடம்பு சூடு அதுக்கு மேல இருக்கிறதால முகம் தன்னோட சொந்த சூட்டுலயே காந்த ஆரம்பிச்சிடும். அவ்ளோதான் விஷயம். கிருமி செத்துச்சா இல்லையான்னு அந்த எரிச்சலை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

ஜில்லுனு இருக்கிறதும் இதே கதைதான். மென்தால் போட்டது எல்லாம் குளிர்ச்சியை உணர்ற நரம்பைத் தட்டி விடுது, முகம் உண்மைல குளிரல. பிடிச்சா போட்டுக்கோங்க, ஆனா அதுக்காக காசு கூட குடுக்காதீங்க.

சரி, ஷேவ் பண்ணும்போது என்ன ஆகுது? பிளேடு முடியை மட்டும் எடுக்கிறதில்ல, தோல்ல மேலாக இருக்கிற செத்த செல் அடுக்குலயும் கொஞ்சம் வழிச்சு எடுத்துட்டு வந்துடுது. அந்த அடுக்குதான் உள்ள இருக்கிற ஈரத்தை வெளிய விடாம காவல் காக்குறது. அது போதாதுன்னு சோப்பு வேற. பிஹெச்னா ஒரு பொருள் புளிப்பு பக்கமா கார பக்கமான்னு சொல்ற அளவு, 7 நடு, அதுக்குக் கீழ புளிப்பு, மேல காரம். நம்ம முகத்தோட பிஹெச் 5 பக்கம், லேசா புளிப்பு பக்கம் சாய்ஞ்சது, சாதாரண சோப்போட பிஹெச் 9, 10 வரைக்கும் போகும், அது அந்தக் காவலை இன்னும் தளர்த்திடும். ஆக ஷேவ் முடிஞ்ச முகத்துக்கு வேண்டியது நாலே விஷயம். சோப்பு சுத்தமா போகணும், ஈரம் வேணும், அந்த ஈரம் ஓடாம மேல ஒரு மூடி வேணும், பகல்ல வெயில்லேந்து காப்பாத்தணும். கடைல நாப்பது பாட்டில் அடுக்கி வச்சிருந்தாலும் எல்லாமே இந்த நாலுல ஏதோ ஒண்ணைத்தான் செய்யுது, சிலது ஒண்ணுமே செய்யாம மணக்க மட்டும் செய்யுது. வாங்குறதுக்கு முன்னாடி இது இந்த நாலுல எதுக்குன்னு ஒரு தடவை கேட்டுக்கோங்க, பாதி பாட்டிலை அப்படியே ஷெல்ஃப்ல திருப்பி வச்சிடுவீங்க.

முதல்ல ஸ்பிளாஷ். தண்ணி மாதிரி இருக்கும், நம்ம அப்பா, மாமா வீட்டு கண்ணாடி அலமாரில ஒரு பாட்டில் கண்டிப்பா இருந்திருக்கும். ஓல்ட் ஸ்பைஸ் அமெரிக்காவுல ஆம்பளைங்களுக்குன்னு வந்தது 1938-ல. பென்சிலின் ஜனங்க கைக்கு வராத காலம் அது, சின்ன வெட்டு சீழ் பிடிச்சாலும் பெரிய தொல்லை, அதனால ஆல்கஹாலை முகத்துல ஊத்தினதுல ஒரு நியாயம் இருந்துச்சு. இன்னைக்கு புது பிளேடு, நல்ல தண்ணின்னு வச்சிருக்கிற ஆளுக்கு அது பெருசா தேவைப்படாது. வாசனைக்காக வேணும்னா சட்டைல தெளிச்சுக்கலாம், அத பின்னாடி சொல்றேன். அடுத்தது பாம், வெள்ளையா கொழகொழன்னு லோஷன் மாதிரி வர்றது. 1980-ல நிவியா ஆல்கஹால் இல்லாத பாம் ஒண்ணை இறக்குச்சு, அதுக்கப்புறம்தான் ஷேவ் பண்ணா எரியணும்ங்கிற எண்ணமே கொஞ்சம் கொஞ்சமா மாற ஆரம்பிச்சது. கிளிசரின், பாந்தெனால், அலன்டாயின் இந்த மூணு பேர்ல ஒண்ணோ ரெண்டோ லேபிள்ல மேல இருந்தா நல்ல பாம்னு எடுத்துக்கலாம். மூணாவது ஜெல், எண்ணெய்ப் பசை இல்லாம தண்ணி பேஸ்ல வர்றது.

எது உங்களுக்குன்னு கண்டுபிடிக்க ஒரு சின்ன டெஸ்ட் இருக்கு. ஷேவ் பண்ணாத ஒரு நாள் முகம் கழுவிட்டு ஒண்ணும் போடாம ஒரு மணி நேரம் இருங்க. இழுத்துப் பிடிச்ச மாதிரி இருந்தா வறண்ட சருமம், பாம் போங்க. மூக்கு, கன்னம் எல்லாம் பளபளன்னு எண்ணெய் வழிஞ்சா ஜெல் போதும். ஊரும் முக்கியம், சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்ல மே மாசம் கெட்டியான பாம் போட்டுட்டு பஸ்ல ஏறினா பத்து நிமிஷத்துல வேர்வையோட சேர்ந்து கழுத்து வழியா சட்டைக்குள்ள போயிடும், அதே பாம் ஊட்டிலயோ ஓசூர் மார்கழிலயோ அமிர்தமா இருக்கும். நாள் முழுக்க ஏசில உக்கார்ற வேலைன்னா சென்னையா இருந்தாலும் பாம் பக்கமே சாயுங்க, ஏசி காத்து ஈரத்தை உறிஞ்சிடும்.

இப்ப படிகாரத்துக்கு வருவோம், ஏன்னா இதைப் பத்தி ரெண்டு பக்கமும் தப்பாவே பேசுறாங்க. ஒரு குரூப் அதுதான் சர்வரோக நிவாரணிங்குது, இன்னொரு குரூப் அது கிராமத்து சமாச்சாரம்னு ஒதுக்குது. படிகாரம் பொட்டாசியமும் அலுமினியமும் சேர்ந்த ஒரு உப்பு. ரத்தம் கசியுற இடத்துல வச்சா அங்க இருக்கிற புரதத்தை இறுக வச்சு, தோலையும் சுருக்கி கசிவை நிறுத்திடும், கிருமியையும் ஓரளவு அடக்கும். சின்ன வெட்டுக்கு இதைவிட சீப்பான நல்ல பொருள் எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஆனா அது ஈரம் குடுக்காது, அப்படியே விட்டா தோல் இன்னும் வறண்டு இழுக்கும். அதனால கல்லை தண்ணில நனைச்சு, வெட்டுப்பட்ட இடத்துலயும் அடிக்கடி பொரிப்பொரியா வர்ற கழுத்துப் பக்கத்துலயும் மட்டும் லேசா ஓட்டுங்க, அரை நிமிஷம் விடுங்க, கழுவிடுங்க. கழுவாம மேல பாம் போட்டா ரெண்டும் வேலைக்கு ஆகாது.

சலூன்ல அண்ணன் "கல்லு போடட்டுமா தம்பி"ன்னு கேட்டா தயங்காம வேண்டாம்னு சொல்லுங்க. அதே கல்லு காலைலேந்து எத்தனை பேர் வெட்டுக்காயத்துல ஓடிருக்கும்னு அவருக்கே தெரியாது, ஹெபடைட்டிஸ் பி, சி ரெண்டும் ரத்தத்துல பரவுற நோய். பிளேடை கண்ணு முன்னாடி மாத்தச் சொல்ற நம்ம ஆளு கல்லை மட்டும் கேள்வி கேக்காம வாங்கிக்கிறது ஆச்சரியம்தான். நாட்டு மருந்துக் கடைல ஒரு துண்டு சில்லறைக் காசுக்குக் கிடைக்கும், பாக்கெட்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, அவர் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டார்.

லேபிள் படிக்கிறதுல ரெண்டு மூணு விஷயம் தெரிஞ்சா போதும். பொருள் பட்டியல் அளவு அதிகமா இருக்கிறதுலேந்து குறைவா இருக்கிறதுக்கு இறங்கும், ஒரு சதவீதத்துக்குக் கீழ போனா எப்படி வேணா எழுதிக்கலாம். ஆல்கஹால் டினாட்னு முதல் ரெண்டு மூணு இடத்துல இருந்தா அது காந்தும், வறட்டும். ஆனா சீட்டைல் ஆல்கஹால், சீட்டியரில் ஆல்கஹால் பாத்து பயந்துடாதீங்க, பேர்லதான் ஆல்கஹால், அது ரெண்டும் மெழுகு மாதிரி, தோலை மென்மையாக்குற சமாச்சாரம். அன்சென்ட்டட்னு போட்டிருந்தா வாசனைப் பொருளே இல்லைன்னு அர்த்தம் கிடையாது, ஒரு வாடையை அமுக்க இன்னொரு வாசனை சேர்த்திருக்கலாம், அரிப்பு வர்ற ஆளுங்க ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீன்னு போட்டதைத் தேடுங்க. ஃபார் மென்னு கருப்பு பாட்டில்ல வர்றதுக்காக கூட காசு குடுக்க வேண்டாம், உங்க வீட்டு அம்மா, அக்கா வச்சிருக்கிற வாசனை இல்லாத சாதா மாய்ஸ்சரைசர் பல நேரம் அதைவிட நல்லா இருக்கும். புதுசா எது வாங்கினாலும் முழங்கைக்கு உள்பக்கமோ காதுக்குப் பின்னாடியோ ரெண்டு நாள் போட்டுப் பாத்துட்டு அப்புறம் முகத்துக்கு வாங்க.

இனி வரிசை. பொது விதி ஒண்ணுதான், தண்ணியா இருக்கிறது முதல்ல, கெட்டியா இருக்கிறது அப்புறம், சன்ஸ்க்ரீன் எப்பவும் கடைசி. சீரம்னா ஏதாவது ஒரு மருந்துப் பொருளைத் தூக்கலா வச்சு, சொட்டு சொட்டா எடுத்துப் போடுற தண்ணியான திரவம். க்ரீம் போட்டு மூடின பிறகு அதைப் போட்டா அது மேலயே நின்னு வழியும், உள்ள போகாது.

காலைல ஷேவ் பண்றவங்களுக்கு எப்படின்னு சொல்றேன். சாதா தண்ணில நல்லா கழுவுங்க, காதுக்குக் கீழ, தாடை எலும்புக்கு அடில, கிருதா ஓரத்துல நுரை ஒளிஞ்சிருக்கும், போர் தண்ணி உப்பா இருக்கிற ஏரியான்னா சோப்பு சீக்கிரம் போகாம ஒரு படலம் மாதிரி ஒட்டிக்கும், கூட ரெண்டு கை தண்ணி ஊத்துங்க. துண்டால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. முகத்துல லேசா ஈரம் இருக்கட்டும், அது வேணும். வெட்டு இருந்தா இப்பதான் படிகாரம், போட்டு கழுவியாச்சுன்னா அடுத்தது. ஸ்பிளாஷ் இல்லாம முடியாதுங்கிற கட்சியா இருந்தா ஆல்கஹால் இல்லாததா பாத்து இந்த இடத்துல போட்டு ஒரு நிமிஷம் விடுங்க. சீரம் போடுற பழக்கம் இருந்தா அடுத்து அது. ஈரத்தை இழுத்துப் பிடிக்கிற ஹயாலுரானிக் ஆசிட்னா முகம் ஈரமா இருக்கும்போதே போடணும், போட்டுட்டு மேல ஏதாவது மூடணும், இல்லேன்னா ஏசி ரூம்ல முகம் முன்னைவிட இழுக்கும். நியாசினமைடுன்னா, அது வைட்டமின் பி3-ல ஒரு வகை, நாலு அஞ்சு சதவீதம் தாராளம், கடைல பத்து சதவீதம் போட்டு விக்கிறாங்க, புதுசா வழிச்ச தோல்ல அது சிலருக்கு சிவந்து காந்தும். வைட்டமின் சி ஷேவ் பண்ண நாள் வேண்டாம், எல்-அஸ்கார்பிக் ஆசிட்ங்கிற வகை பிஹெச் 3.5-க்குக் கீழ வச்சு தயாரிக்கிறது, அப்ப எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

அதுக்கு மேல பாம் அல்லது ஜெல், சுண்டைக்காய் அளவு ரெண்டு எடுத்தா முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். இங்க ஒண்ணு கவனிங்க, பாம் போட்டா தனியா மாய்ஸ்சரைசர் தேவையில்ல, பாம்ங்கிறதே மாய்ஸ்சரைசர்தான், வேற சட்டை மாட்டி வர்றது. ரெண்டும் போடச் சொல்ற வீடியோ எல்லாம் ரெண்டையும் விக்கிற வீடியோ.

அஞ்சு பத்து நிமிஷம் விடுங்க, அந்த நேரத்துல டிபன் முடிச்சுடலாம். அப்புறம் சன்ஸ்க்ரீன், எஸ்பிஎஃப், அதாவது வெயில் எரிப்பைத் தடுக்கிற அளவு, 30-க்குக் குறையாம, ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டுலயும் நீளமா ஒரு கோடு போட்டா எவ்ளோ வருதோ அவ்ளோ. கழுத்தை விட்டுடாதீங்க. ஷேவ் பண்ண முகத்துல சில சன்ஸ்க்ரீன் காந்தும், அப்படிப்பட்டவங்க ஜிங்க் ஆக்ஸைடு போட்ட வகைக்கு மாறிப் பாருங்க, காந்தாது, ஆனா நம்ம நிறத்துக்கு சாம்பல் பூசின மாதிரி தெரியும், அதுக்குத்தான் தோல் நிறத்துல சாயம் சேர்த்து, டின்ட்னு போட்டு வர்றது இருக்கு. அந்த டின்ட்ல இருக்கிற அயர்ன் ஆக்ஸைடு கண்ணுக்குத் தெரியுற வெளிச்சத்தையும் தடுக்கும், கருந்திட்டு வர்ற சருமத்துக்கு அது கூடுதல் லாபம்.

சன்ஸ்க்ரீனுக்கு ஏன் இவ்ளோ இடம் குடுக்கிறேன்னா, மாநிறமும் கருப்புமா இருக்கிற நம்ம தோல்ல ஒரு சின்ன எரிச்சல், ஒரு சின்ன பரு வந்துட்டுப் போனாலும் பின்னாடி கருப்பா ஒரு தடம் விட்டுட்டுப் போகும், வெயில் பட்டா அது இன்னும் அழுத்தமாகும், மாசக்கணக்குல இருக்கும். தாடைக்குக் கீழ கருத்துப் போச்சுன்னு புலம்புற பல பேருக்கு மூலகாரணம் இந்த எரிச்சல் பிளஸ் வெயில்தான். வெயில் கருப்பை எடுக்கும்னு விக்கிற எந்த டீ-டான் பேக்கும் தினமும் காலைல வர்ற அந்த எரிச்சலை நிறுத்தாது.

சென்ட் விஷயம். ஷேவ் பண்ண கழுத்துல நேரா அடிக்காதீங்க, சட்டைல அடிங்க. எரிச்சல் மட்டும் இல்ல, பெர்கமாட்னு ஒரு எலுமிச்சை ஜாதி எண்ணெய் பழைய காலத்து கொலோன்ல நிறைய இருக்கும், அதுல இருக்கிற ஒரு பொருள் மேல வெயில் பட்டா, சென்ட் வழிஞ்ச கோடு அப்படியே கருப்பா கழுத்துல இறங்கும், அதுக்கு மருத்துவத்துல தனிப் பேரே இருக்கு, பெர்லோக் டெர்மடைட்டிஸ்னு. இப்ப பெரும்பாலும் அந்தப் பொருளை நீக்கிட்டுத்தான் சேர்க்கிறாங்க. ஆனா எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு முகத்துல தேய்க்கிறோமே, அதுலயும் இதே வில்லங்கம் இருக்கு, யாரும் நீக்கிக் குடுக்கல.

சிலருக்கு சன்ஸ்க்ரீன் போடும்போது அழிரப்பர் தூள் மாதிரி உருட்டு உருட்டா திரண்டு வரும். பொருள் மட்டம்னு தூக்கிப் போட்டுடாதீங்க. கீழ போட்டது காயாம மேல போட்டிருப்பீங்க, இல்ல அளவு ஜாஸ்தி, இல்ல ரெண்டுலயும் சிலிகான் நிறைய. ஒரு லேயரைக் குறைங்க, நேரம் விடுங்க, தேய்க்காம ஒத்தி ஒத்தி போடுங்க, முக்கால்வாசி சரியாயிடும்.

ஆபீஸ்ல காலைல பளிச்சுன்னு வழிச்ச முகம் கேக்கலேன்னா என்னைக் கேட்டா ராத்திரி ஷேவ் பண்றதுதான் நம்ம ஊருக்கு சரி. காலைல வழிச்ச கழுத்துல ஹெல்மெட் ஸ்ட்ராப் உரசும், வேர்வை உப்பு இறங்கும், தூசி, வெயில், எல்லாம் அரை மணி நேரத்துக்குள்ள. ராத்திரின்னா கழுவு, பாம், தூங்கு, அவ்ளோதான், சன்ஸ்க்ரீன் லேயரே இல்ல, ஏழெட்டு மணி நேரம் தோல் தன்னைத்தானே கொஞ்சம் சரி பண்ணிக்கும். ரொம்ப வறண்டு செதில் செதிலா உரியுற இடம் இருந்தா பாம் மேல வாஸ்லின் ஒரு பொட்டு எடுத்து அங்க மட்டும் தடவிக்கலாம், ஈரத்தை அடைச்சு வைக்க அதை மிஞ்சினது எதுவும் இல்ல. ராத்திரி பருவுக்கோ சுருக்கத்துக்கோ ரெட்டினால், அடாபலீன் மாதிரி க்ரீம் போடுற ஆளுங்க ஷேவ் பண்ண அன்னைக்கு அதுக்கு லீவு விடுங்க.

கழுத்துல பொரிப்பொரியா வந்து, நடுவுல ஒரு முடி சுருண்டு உள்ளயே மாட்டிட்டு இருக்கும் பாருங்க, சுருட்டை முடிக்காரங்களுக்கு அதிகம். இதுக்கு பாம் மட்டும் பத்தாது. சாலிசிலிக் ஆசிட் 2 சதவீதம் போட்ட லோஷன் உதவும், துவாரத்துல அடைச்சிருக்கிற செத்த தோலை இளக்கும், ஆனா ஷேவ் பண்ண உடனே போட்டா உசுரு போயிடும், அடுத்த நாள் ராத்திரி காஞ்ச முகத்துல மெல்லிசா போட்டு, காஞ்சதும் மேல மாய்ஸ்சரைசர். வாரம் ரெண்டு மூணு நாள்ல ஆரம்பிங்க. கிளைகாலிக் ஆசிடும் இதுக்கு நல்லதுதான், ஆனா ரெண்டையும் ஒரே ராத்திரி போட்டு வீரத்தைக் காட்ட வேண்டாம். அது கூடவே முடி வளர்ற திசைல வழிங்க, ஒட்ட வழிக்கணும்னு எதிர்ல ஓட்டாதீங்க, ஊக்கு வச்சு முடியைத் தோண்டாதீங்க. அடங்கலேன்னா ட்ரிம்மருக்கு மாறி லேசா முள்ளு விடுங்க, அதுக்கு மேல எந்த க்ரீமும் கிடையாது.

வீட்டு வைத்தியம் ஒரு ஓட்டம் ஓடிடலாம். கத்தாழை நல்லதுதான், ஆனா மடலை வெட்டினதும் மஞ்சளா வடியுற பாலை முழுசா வடிய விட்டு கழுவிட்டு உள்ள இருக்கிற சோறை மட்டும் எடுங்க, அந்த மஞ்சள் பால் அரிக்கும். கடைல பச்சையா விக்கிற ஜெல் பலதுல கலரும் வாசனையும் சேர்த்திருப்பாங்க. தேங்காய் எண்ணெய் வறண்ட தோலுக்கு ஓகே, பரு வர்ற முகத்துல துவாரத்தை அடைக்கும். டெட்டால் தரைக்கும் அடிபட்ட முட்டிக்கும், அதையும் தண்ணி கலந்து, முகத்துக்கு வேண்டாம். வெட்டு இருக்கும்போது பவுடர் போடாதீங்க.

இது மட்டும் கொஞ்சம் அழுத்தமா சொல்றேன். மெடிக்கல் ஷாப்ல போய் "அண்ணா, ஷேவ் பண்ணா அரிக்குது, ஏதாவது க்ரீம் குடுங்க"ன்னு கேட்டு வாங்காதீங்க. பூஞ்சைக்கு ஒண்ணு, பாக்டீரியாவுக்கு ஒண்ணு, கூட ஒரு ஸ்டீராய்டுன்னு மூணும் கலந்த டியூப் கைல வந்து சேரும். பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மோமெட்டசோன் இந்தப் பேர் டியூப்ல இருக்கான்னு பாருங்க. போட்ட ரெண்டாவது நாளே முகம் பளிச்சுன்னு ஆயிடும், அதனாலதான் ஆபத்து, தொடர்ந்து போட்டா தோல் மெலிஞ்சு, ரத்தக் குழாய் தெரிஞ்சு, வெயில்ல போனாலே செக்கச்செவேல்னு ஆயி, நிறுத்தினா முன்னைவிட பத்து மடங்கு பரு கிளம்பும். தாடில வர்றது படர்தாமரையா இருந்தா ஸ்டீராய்டு அதை ஒளிச்சு வச்சு உள்ள பரவ விடும்.

அதனால வட்டமா படர்ந்து அரிச்சாலோ, சீழ் வச்ச கொப்புளம் ஒரு வாரத்துல அடங்கலேன்னாலோ, மஞ்சளா பொருக்கு கட்டினாலோ நேரா தோல் டாக்டர். சுகர் இருக்கிறவங்க ஒரு வாரம் கூட காத்திருக்க வேண்டாம், சின்ன வெட்டும் அவங்களுக்கு ஆற நாள் எடுக்கும். இன்னொண்ணு, கழுத்தைச் சுத்தி, பின்கழுத்து வரைக்கும் கருப்பா தடிச்சு மெத்துனு இருந்தா அது ரேசர் வேலையே இல்ல, பெரும்பாலும் உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யாததோட அடையாளம், அதுக்கு பாம் வாங்குற காசுல ஒரு சுகர் டெஸ்ட் எடுத்துடுங்க.

எல்லாம் ஒரே நாள்ல வாங்காதீங்க. முதல்ல வாசனை இல்லாத ஒரு பாம், ஒரு சன்ஸ்க்ரீன், ஒரு துண்டு படிகாரம், இதை மூணு நாலு வாரம் ஓட்டிப் பாருங்க, அதுக்கப்புறமும் குறை இருந்தா ஒரே ஒரு பாட்டில் சேருங்க, ரெண்டு சேத்தா எது ஒத்துக்கலைன்னு கண்டுபிடிக்க முடியாது. டப்பால மூடி திறந்த மாதிரி ஒரு சின்னப் படம் போட்டு உள்ள 12 எம்னு இருக்கும், திறந்த பிறகு பன்னெண்டு மாசம்தான் ஆயுசுன்னு அர்த்தம், மார்க்கர்ல திறந்த தேதியை எழுதி வச்சுக்கோங்க. சன்ஸ்க்ரீனை வண்டி சீட்டுக்கு அடிலயோ கார் டேஷ்போர்டுலயோ வைக்காதீங்க, சூட்டுல பிரிஞ்சிடும். படிகாரத்தை தண்ணி வடியுற ஓட்டை வச்ச சோப்பு டப்பால தனியா வைங்க.